தோட்ட டிராக்டர்: பின் அச்சுக்கு வெல்டிங் வேண்டாம்

பின் அச்சை வலுப்படுத்த, அச்சுத் தண்டின் மேல் இரும்புக் குழாயை வெல்டிங் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். அந்தச் சூடு தண்டின் உறுதியைக் குலைப்பதோடு எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையத்தையும் (ஆயில் சீல்) கருக்கிவிடும். அதற்குப் பதிலாக, சக்கரத்துக்குச் சற்று உட்புறத்தில், இரு பக்கமும் தண்டு சுழல இடம் தரும் பேரிங் தாங்கிகளை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேசிஸ்) போல்ட் போட்டு இணையுங்கள். அவை இம்மியும் கோணாமல் அமைய வேண்டும். கோணினால் அவையே தண்டை வளைத்துவிடும்.

சக்கர அகலத்தைக் கூட்ட ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் இடைத்துண்டு) போட்டுக் கலப்பை இழுத்த பிறகே இடது சக்கரம் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஸ்பேசரே காரணம்: சக்கரம் வெளியே தள்ளிப் போகப் போக, 3/4 அங்குலத் தண்டின் மீது வளைக்கும் விசை கூடுகிறது.

முதலில் ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரங்களைப் பக்கம் மாற்றிச் சுழற்றிப் பாருங்கள். ஆட்டம் சக்கரத்தோடு இடம் மாறினால் ரிம் கோணியிருக்கிறது. இடப்பக்கமே நின்றால் பெரும்பாலும் தண்டு வளைந்திருக்கிறது, வளைந்திருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

தாங்கி தண்டைத்தான் காக்கும். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் பம்ப் கலப்பைச் சுமையில் சூடேறித் தேய்வதை அது தடுக்காது.