மெழுகு, ஜெல் எதுவும் இல்லாமல் ட்ரெட்லாக்ஸ் (திரிதிரியாகத் திரண்ட சடைமுடி) வளர்க்க முடியுமா?

தாராளமாக முடியும். ஜமைக்காவின் ராஸ்தஃபாரி மதத்தினரும் நம் ஊர் சடைச் சாமியார்களும் எந்தக் கடையில் போய் மெழுகு வாங்கினார்கள்? சீப்பைத் தூக்கிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீவாமல் விட்டால் அவை கீழே விழாமல் பக்கத்து முடியில் சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்குதான் நாளடைவில் சடையாகத் திரள்கிறது. சுருட்டை முடிக்குச் சில மாதங்கள், நேர் முடிக்கு ஓரிரு வருடம்கூட ஆகலாம்.

தலைக்குக் குளிக்கக் கூடாது என்பது சுத்தப் பொய். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முடி வழுக்கும், சிக்காது. வாரம் ஒரு முறையாவது அலசுங்கள். சீயக்காய்த் தூளை மட்டும் அப்படியே தேய்க்காதீர்கள், துகள் சடைக்குள் போனால் லேசில் வெளியே வராது. பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்து, கசக்கி, துணியில் வடிகட்டிய தண்ணீர் போதும். (கண்ணில் பட்டால் எரியும், பட்டுத் தெரிந்துகொண்டது!)

அப்புறம் காயவைப்பது; பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நன்றாகப் பிழிந்து, துண்டால் ஒற்றி, காற்றோட்டமாக உலர்த்துங்கள். ஈரத்தோடு கட்டிப் படுத்தால் உள்ளே பூஞ்சை பிடித்து, மழையில் நனைந்த சாக்கு மாதிரி வாடை அடிக்கும்.

வேரருகே ஒன்றோடொன்று ஒட்டும் சடைகளைக் கையால் பிரித்துவிடுங்கள். இறுக்கி முறுக்க வேண்டாம், நெற்றியோர முடி கொட்டிவிடும்.