வெள்ளிக்கிழமை தாஜ் மகாலா? முதலில் தேதியை மாற்றுங்கள்!

கேள்வி: ஜனவரி இரண்டாம் வாரம் நொய்டாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். எனக்கு வயது 61, கணவருக்கு 66. எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் நடப்பேன், படி ஏறுவதுதான் பாடு. மகனுக்கு லீவு கிடைக்காது. அங்கே ஒரு டிராவல்ஸில் 'ஆக்ரா, இரண்டு பகல் ஒரு இரவு, கைடு உண்டு' என்று தலைக்கு 7,500 ரூபாய் கேட்கிறார்கள். வியாழன் காலை 6 மணிக்குக் காரில் கிளம்பி சிக்கந்தரா (அக்பர் சமாதி), ஆக்ரா கோட்டை, கைவினைப் பொருள் மையம், பிறகு ஹோட்டல். வெள்ளி சூரிய உதயத்தில் தாஜ் மகால், அடுத்து ஃபதேபூர் சிக்ரி, மதுரா, இரவு 10 மணிக்கு வீடு. எங்களுக்கு இந்தி வராது, ஆங்கிலம் சமாளிப்போம். நம்பிப் போகலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆக்ராவுக்குப் போங்கள். இந்தத் திட்டத்தை நம்பிப் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை தாஜ் மகாலுக்கு வார விடுமுறை. அன்று மதியம் தொழுகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். ஆக்ரா டூர் நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. எல்லாக் கிழமைக்கும் ஒரே அட்டவணையை அனுப்பியிருப்பார்கள். பணம் கட்டிவிட்டு அங்கே போய்க் கேட்டால், யமுனைக்கு அக்கரையில் இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்தில் நிறுத்தி, "இதோ தாஜ்" என்று பின்பக்கத்தைக் காட்டிவிட்டுக் கிளம்புவார்கள். அது நல்ல இடம்தான், ஆனால் தாஜ் மகாலுக்கு மாற்று ஆகாது.

திங்கள் கிளம்பி செவ்வாய் திரும்புகிற மாதிரி மாற்றச் சொல்லுங்கள். டெல்லி செங்கோட்டைக்குத் திங்கள்தான் விடுமுறை என்பதால், அந்த நாளை ஆக்ராவுக்குக் கொடுப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சனி, ஞாயிறு கூட்டத்திலிருந்தும் தப்பிக்கலாம்.

அடுத்த சிக்கல் ஜனவரி. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க, கங்கைச் சமவெளியில் விடியற்காலைப் பனிமூட்டம் சாதாரண விஷயம். யமுனைக் கரையில் அது இன்னும் அடர்த்தி. சூரிய உதய தாஜ் என்று காலை ஆறரைக்கு வரிசையில் நின்று உள்ளே போனால், தோட்டத்து வாசலிலிருந்து கட்டடமே கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் மூட்டம் விலகும். டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரக் கெடு இருப்பதால், உட்கார்ந்து காத்திருக்கவும் வழியில்லை. பிப்ரவரி பிற்பாதிக்குப் பயணத்தைத் தள்ள முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுங்கள். முடியாதென்றால் தாஜை முதல் நாள் மதியத்துக்கு வையுங்கள். வெயில் வந்திருக்கும், குளிரும் குறைந்திருக்கும். இரவு தங்குவதன் லாபம் மறுநாள் காலை: ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்து, வானம் தெளிவாக இருந்தால் இன்னொரு 50 ரூபாய் டிக்கெட் எடுத்துத் தோட்டத்தை மட்டும் ஒரு சுற்று பார்க்கலாம். மூட்டமாக இருந்தால் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புகிற டூரில் இந்த வசதி கிடையாது.

காலை 6 மணிக்குக் காரில் கிளம்புவதும் இதே காரணத்தால் வேண்டாம். யமுனை எக்ஸ்பிரஸ்வே 165 கிலோமீட்டர் நல்ல சாலை. ஆனால் பனிமூட்டத்தில் முன்னால் போகும் வண்டி தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொள்ளும் விபத்துகள் அங்கே குளிர்காலத்தில்தான் நடக்கின்றன. காரில்தான் போவோம் என்றால் ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள், சுமார் மூன்று மணி நேரம். திரும்பும்போது இருட்டுவதற்கு முன் நொய்டா எல்லைக்கு வந்துவிட வேண்டும். உங்கள் முழங்காலுக்கு ரயில் இன்னும் உசிதம். டெல்லி ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து காலை 8.10-க்குப் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்ட் போய்ச் சேரும், மாலை 5.50-க்கு அங்கிருந்து திரும்பும். இதுவும் வெள்ளிக்கிழமை ஓடாது. மூட்டத்தில் ரயிலும் தாமதமாகும்தான், ஆனாலும் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். "ரயில் டிக்கெட் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், ஆக்ராவில் இரண்டு நாளும் கார், கைடு, ஹோட்டல் மட்டும் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மறுக்க மாட்டார்கள், விலையும் இறங்கும்.

இனி எதை வெட்டுவது? மதுராவை யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். கோயில் நடை சாத்தும் நேரமும் உங்கள் அட்டவணையும் ஒத்துவராது, தரிசனம் அவசரமாகத்தான் முடியும். ஃபதேபூர் சிக்ரியையும் இந்த முறை விடச் சொல்வோம், கொஞ்சம் மனசில்லாமல்தான். 1571-ல் அக்பர் எழுப்பிப் பதினைந்து ஆண்டுகூட முழுதாகத் தலைநகராக இருக்காத நகரம் அது. திவானே காஸ் மண்டபத்தின் ஒற்றைத் தூணும் அதன் தலையில் விரியும் தாங்கு கற்களும் வேறெங்கும் பார்க்க முடியாதவை. ஆனால் ஆக்ராவிலிருந்து போக ஒரு மணி, வர ஒரு மணி, உள்ளே குறைந்தது இரண்டரை மணி நேரம் நடை. ஜனவரிப் பகல் அதற்குப் போதாது. பிப்ரவரிக்குத் தள்ளினால் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது 54 மீட்டர் உயரப் பெரிய வாசலான புலந்த் தர்வாசாவின் செங்குத்துப் படிகளில் ஏறாதீர்கள். கிழக்கே உள்ள பாத்ஷாஹி வாசலில் படிகள் மிகக் குறைவு. அரண்மனைப் பகுதிக்கு டிக்கெட் உண்டு, ஷேக் சலீம் சிஷ்டியின் பளிங்கு தர்கா இருக்கும் பக்கத்துக்குக் கட்டணம் இல்லை. கட்டணமில்லாத பக்கத்தில்தான் போர்வை விற்பவர்களும் தாமே முளைத்த கைடுகளும் மொய்ப்பார்கள். தர்காவில் போர்வை போர்த்துவது கட்டாயமில்லை.

சிக்கந்தராவுக்கு பதிலாக இதிமாத் உத் தௌலாவைக் கேளுங்கள். நூர்ஜஹான் தன் தந்தைக்காக 1622-லிருந்து 1628-க்குள் கட்டிய சமாதி. டூர்க்காரர்கள் இதை 'பேபி தாஜ்' என்பார்கள். சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும். பளிங்கில் வண்ணக் கல் பதிக்கும் வேலையைக் கூட்ட நெரிசல் இல்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க ஆக்ராவில் இதைவிட நல்ல இடம் கிடையாது. சைப்ரஸ் மரம், கழுத்து நீண்ட மதுக்குடுவை, பழத்தட்டு என்று சுவர் முழுக்கப் பதிப்பு. ஒரு குடுவையின் விளிம்பை உற்றுப் பாருங்கள், கல்லும் கல்லும் சேரும் இடத்தில் நகம் நுழைய இடமிருக்காது. இதை முதலில் பார்த்துவிட்டு தாஜுக்குப் போனால், அங்கே எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஆக, முதல் நாள் பத்து மணிக்கு இறங்கி, பையை ஹோட்டலில் போட்டுவிட்டு, இதிமாத் உத் தௌலா. சாப்பாடு. ஒன்றரைக்கு தாஜ். இரண்டாம் நாள் பத்து மணிக்குக் கோட்டை, சாப்பாடு, மூன்று மணிக்கு மெஹ்தாப் பாக், ஐந்துக்கு ஸ்டேஷன். இதற்கு மேல் ஒன்றைச் சொருகினாலும் ஏதோ ஒன்று கெடும்.

தாஜில் உங்கள் காலுக்கு எங்கே சிரமம் என்று பார்ப்போம். கார்கள் தாஜ் வாசல் வரை போக அனுமதி இல்லை. கிழக்கு வாசலுக்கான நிறுத்தம் ஷில்ப்கிராம். அங்கிருந்து பேட்டரி வண்டி உண்டு, நடக்க வேண்டாம். உள்ளே பெரிய வாசலிலிருந்து சமாதி வரை தோட்டம் சுமார் 300 மீட்டர், சமதரை, வழியில் உட்காரப் பெஞ்சுகள் உண்டு. சிரமம் பளிங்கு மேடைக்கு ஏறும் படிகளில்தான், செங்குத்தானவை. இந்தியருக்கு நுழைவு 50 ரூபாய். மேடை ஏறிச் சமாதிக்குள் போகத் தனியாக 200 ரூபாய். அந்த 200-ஐ முன்கூட்டியே கட்டாயம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டம், மேற்கே மசூதி, கிழக்கே அதன் ஜோடிக் கட்டடம் எல்லாம் 50 ரூபாயிலேயே பார்க்கலாம். கணவர் மட்டும் மேலே போய்வர நீங்கள் கீழே வெயிலில் உட்கார்ந்திருப்பதானால், அவருக்கு மட்டும் வாங்குங்கள். ஏறுவதானால் செருப்பைக் கழற்ற வேண்டும், அல்லது உறை போட வேண்டும். ஜனவரிப் பளிங்கு ஐஸ் போலச் சில்லிடும். அடியில் பிடிப்புள்ள கம்பளிக் காலுறை எடுத்துப் போங்கள், சாதாரணக் காலுறை வழுக்கும்.

உள்ளே நட்ட நடுவில் இருப்பது மும்தாஜின் கல்லறை அடையாளம். மேற்கே ஒதுங்கி, அதைவிடப் பெரியதாக இருப்பது ஷாஜஹானுடையது. இடமும் வலமும் அச்சாக ஒத்துப்போகும் அந்த வளாகத்தில் கண்ணுக்கு உறுத்தும் ஒரே மாறுபாடு அதுதான். இரண்டும் அடையாளங்கள் மட்டுமே, உண்மையான சமாதிகள் கீழ் அறையில் உள்ளன. அங்கே போக அனுமதி இல்லை, சமாதிக்குள் படம் எடுக்கவும் கூடாது. வெளியே பெரிய வாசலைச் சுற்றி ஓடும் கறுப்பு எழுத்துகளைப் பாருங்கள். மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருப்பதால், கீழே நிற்பவருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும்.

சோதனை வாசலில் ஆண், பெண் வரிசை தனித்தனி. யார் முதலில் முடித்தாலும் எங்கே நிற்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். தின்பண்டம், மிட்டாய், புகையிலை, லைட்டர், கத்தி, ஹெட்போன், மொபைல் சார்ஜர், ட்ரைபாட் எதுவும் உள்ளே போகாது. பெரிய பையும் வேண்டாம். தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. சர்க்கரை நோய் இருந்தால் நுழைவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கைப்பையில் கடலைமிட்டாய் வைத்துச் சமாளிக்கும் வழக்கம் இங்கே செல்லாது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பேரக் குழந்தைகள் கூட வந்தால் 15 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. இலங்கையிலிருந்து வரும் உறவினர்களுக்கு சார்க் கட்டணம்: 540 ரூபாய், சமாதிக்கு மேலும் 200.

கோட்டையில் அமர் சிங் வாசல் வழியாக உள்ளே போனதும் ஒரு நீண்ட ஏற்றம் வரும். படி இல்லை, ஆனால் கல் பாவிய சரிவு, மூச்சு வாங்கும். மெல்ல ஏறுங்கள், மேலே எல்லாம் பெரும்பாலும் சமம். முசம்மன் புர்ஜை விட்டுவிட வேண்டாம். 1658-லிருந்து 1666-ல் இறக்கும் வரை மகன் ஔரங்கசீப் ஷாஜஹானைக் காவலில் வைத்திருந்த கோட்டை இது. பளிங்கால் ஆன அந்த எண்கோண மாடத்திலிருந்து ஆற்றுக்கு அப்பால் தாஜ் தெரியும்.

'கைடு உண்டு' என்ற சொல்லை நோண்டிக் கேளுங்கள். பல பேக்கேஜில் டிரைவர்தான் கைடு, அல்லது ஆக்ராவில் யாரோ ஒருவர் பாதி வழியில் ஏறிக்கொள்வார். அரசு உரிமம் பெற்ற கைடிடம் புகைப்பட அட்டை இருக்கும், ஏறும்போதே காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்பவர்தான் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆளின் தரத்தை அறிய ஒரு சுலப வழி: கறுப்புத் தாஜ் பற்றிக் கேளுங்கள். ஷாஜஹான் தனக்காக அக்கரையில் கட்ட ஆரம்பித்தார் என்று அடித்துச் சொன்னால் அவர் கதைசொல்லி. 1990-களில் மெஹ்தாப் பாக்கில் தோண்டியபோது கிடைத்தது எண்கோணக் குளமும் தோட்டமும்தான். கைவினைஞர்களின் கையை வெட்டிய கதையும் அதே ரகம். 1639-ல் டெல்லியில் ஒரு புதிய கோட்டையைத் தொடங்கிய அரசர், கை தேர்ந்தவர்களின் கையை வெட்டிவிட்டு அதை யாரை வைத்துக் கட்டுவார்?

அந்தக் 'கைவினைப் பொருள் மையம்' இலவசச் சுற்றுலா அல்ல. கைடுக்கும் டிரைவருக்கும் கமிஷன் போகும் கடை, ஒன்றரை மணி நேரம் விழுங்கும். ஜனவரியில் அது உங்கள் தாஜ் வெளிச்சத்திலிருந்து போகிறது. வேண்டாம் என்று புக் பண்ணும்போதே சொல்லி, அட்டவணையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பளிங்குத் தட்டு வாங்க ஆசை இருந்தால் காசின் விளிம்பால் அடிப்பக்கம் கீறிப் பாருங்கள். கோடு விழுந்து மாவு உதிர்ந்தால் மாக்கல். 'பார்சலில் அனுப்புகிறோம்' என்றால் வாங்காதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு வர முடிவது மட்டும் வாங்குங்கள். வெண்பூசணியில் செய்யும் ஆக்ரா பேட்டா இனிப்பு வாங்குவதானால் உலர்ந்த வகை. பாகில் ஊறியது ரயிலில் ஒழுகும்.

முழுநிலா இரவில் தாஜ் பார்க்க 510 ரூபாய் டிக்கெட் உண்டு. பௌர்ணமியும் அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு இரவுகளும்; வெள்ளியும் ரம்ஜான் மாதமும் கிடையாது. ஐம்பது பேராக அரை மணி நேரம், தூரத்திலிருந்து மட்டும். ஜனவரி மூட்டத்தில் அந்தப் பணம் வீண்.

முன்பணம் கட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் இவற்றுக்குப் பதில் வாங்கிவிடுங்கள்: ஹோட்டல் பெயர் என்ன, தாஜ்கஞ்ச் பக்கமா, ஃபதேஹாபாத் ரோடா? 'அதே தரத்தில் வேறு' என்று எழுதியிருந்தால் பெயர் கேளுங்கள். கீழ்த்தள அறையோ லிஃப்ட்டோ உண்டா? அறையில் ஹீட்டரும் வெந்நீரும் உண்டா? டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, உத்தரப் பிரதேச வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தா? நுழைவுக் கட்டணம் சேர்த்தா? தாஜ் 250, கோட்டைக்கு 50-க்குள், மற்றவை அதற்கும் குறைவு. தலைக்கு 400 ரூபாய்க்குள் முடிகிற விஷயத்தை 'மானுமென்ட் ஃபீஸ் 1,500' என்று போட்டிருந்தால் அந்தப் பட்டியலின் மற்ற வரிகளையும் சந்தேகப்படுங்கள். பனிமூட்டத்தால் ரயில் ரத்தானால் தேதி மாற்றிக் கொடுப்பார்களா, பணமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தர மறுக்கிறவரிடம் ஜனவரியில் புக் பண்ணாதீர்கள்.