‘வேண்டாமா’ என்றால் வேண்டாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம். சொன்னதைத் திருப்பிச் சொல்வான், தானாகப் பேசுவது குறைவு. இந்த வருடத்துக்கான தெரபித் திட்டம் போடும் கூட்டத்துக்கு அவனையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். “தெரபிக்குப் போறியா, வேண்டாமா?” என்றால் “வேண்டாமா” என்கிறான். இவனிடம் என்ன கேட்பது? பால், கோதுமையை நிறுத்தலாமா?

– ஒரு வாசகி, நீடாமங்கலம்

அன்புள்ள அம்மா,

பால், கோதுமையை நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நாலு பண்டம்தான் சாப்பிடுகிற பிள்ளையிடம் இரண்டைப் பிடுங்காதீர்கள். வயிற்றுக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

“வேண்டாமா, போறியா?” என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். “போறியா” என்றால், தம்பி கடைசிச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறான். அதைப் பதிலாக எழுதிக்கொண்டால் தப்பு அவனுடையதல்ல. வாயால் கேட்காதீர்கள், படத்தால் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான ‘டாக்கிங் மேட்ஸ்’ முறை இதற்குத்தான். ஒரு துண்டை விரித்து மேலே மூன்று இடம் குறியுங்கள்: பிடிக்கும், சுமார், பிடிக்காது. அவன் போகும் தெரபி அறை, ஊஞ்சல், முடிவெட்டும் கடை, மிக்ஸி எல்லாவற்றையும் உங்கள் போனிலேயே படமெடுத்து அச்சிடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு போதும். முதலில் விடை தெரிந்தவை: விரும்பித் தின்கிற பண்டம், துப்புகிற பண்டம். அதிலேயே தடுமாறினால் முறை இன்னும் பிடிபடவில்லை, மேலே போகாதீர்கள். ஒவ்வொரு படமாகக் கொடுத்து, மூன்றில் ஓர் இடத்தின் கீழ் அவனே வைக்கட்டும் என்று மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நடுவில் திரும்பக் கேட்டால் அவன் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துப் படத்தை நீங்கள் வைக்கவே கூடாது. அது உங்கள் பதில். மறுநாள் இடம் வலம் மாற்றி வையுங்கள். மறுபடியும் எல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் கைக்கு எட்டிய இடத்தில் வைக்கிறான் என்று பொருள்.

இனி என் சண்டை. நம் வீடுகளில், பிள்ளை பேசாமல் காட்டிக் கேட்க ‘தண்ணி’, ‘பிஸ்கட்’ அட்டையெல்லாம் இருக்கும், ‘வேண்டாம்’ அட்டை மட்டும் இருக்காது. இருந்தாலும் இரண்டு நாள் மதிப்பார்கள். மூன்றாம் நாள், ஃபீஸ் கட்டியாச்சே என்று எடுத்து ஒளித்துவிடுவார்கள். பிள்ளை கடிப்பான். ‘நடத்தைக் கோளாறு’ என்று ஃபைலில் ஏறும். அட்டையைப் பிடுங்கியது யார் என்று எந்த ஃபைலிலும் இருக்காது! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 4ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எதிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. வேண்டாம் என்பதும் கருத்துதான். பல் தேய்ப்பதை நிறுத்த முடியாது, சரி. அட்டையைக் காட்டினால் பிரஷ்ஷை எடுத்துவிட்டுப் பத்து எண்ணித் தொடருங்கள். எந்த பேஸ்ட், யார் தேய்த்துவிடுவது என்பதை அவனே எடுக்கட்டும்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வாசல் தாழ்ப்பாள் அவனைக் கேட்டுப் போடுவதல்ல. ஆனால் வாய்க்கால் படத்தையும் துண்டில் வையுங்கள். ‘பிடிக்கும்’ பக்கம் போனால், பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க பம்புசெட் தொட்டியில் குளியல். கிழமை குறித்துத் திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கூட்டம்? ஐந்து பெரியவர்கள் ஒரு மணி நேரம் பேசும் அறையில் அவனை உட்கார வைப்பதால் மட்டும் அவனைக் கேட்டதாகாது. அந்த அறையையும் படமெடுத்து எட்டில் ஒன்றாக வையுங்கள். ‘பிடிக்காது’ பக்கம் போனால், துண்டின் போட்டோவை மட்டும் கொண்டுபோங்கள்.