டாலியின் ஒட்டுப்போட்ட சட்டை

அன்புள்ள அக்கா,

போன மாதம்தான் அன்னா கரேனினா முடித்தேன். முடித்த கையோடு மேடம் பொவாரியும். எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தி ரயிலில் விழுகிறாள், ஒருத்தி ஆர்சனிக்கைத் தின்கிறாள். கல்யாணத்தைத் தாண்டிப் போன பெண் கடைசியில் சாகவேண்டும் என்று அந்தக் காலத்து ஆண்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்களா? டால்ஸ்டாய் முதல் பக்கத்திலேயே ‘பழிவாங்குதல் எனக்குரியது’ என்று பைபிள் வசனத்தைப் போட்டுவிடுகிறார். தீர்ப்பை எழுதிவிட்டு வழக்கை நடத்துகிற மாதிரி. இதையெல்லாம் இன்னும் எதற்குத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறோம்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

கோபம் நியாயம்தான். அணைக்கப் போவதில்லை, இன்னும் ஒரு விறகு தருகிறேன். ஜெர்மனியில் ஃபோன்டானே எழுதி 1895இல் புத்தகமாக வந்த எஃபி பிரீஸ்ட். பதினேழு வயதுப் பெண்ணை, ஒரு காலத்தில் அவள் அம்மாவைக் காதலித்த மனிதருக்கே கட்டி வைக்கிறார்கள். அவளுடைய பழைய காதலன் எழுதிய கடிதங்கள் பல வருஷம் கழித்துக் கணவர் கையில் சிக்குகின்றன. அவர் அந்த ஆளைத் துப்பாக்கிச் சண்டையில் கொல்கிறார், மகளைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார், எஃபி வாடி வாடிச் சின்ன வயதிலேயே செத்துப்போகிறாள். இந்தக் கதைக்கு மூலமாக இருந்த பெண் எலிசபெத் ஃபான் ஆர்டென். 1886இல் அவருடைய கணவரும் காதலரைச் சண்டையில் சுட்டுக்கொன்றார், மறு வருஷம் விவாகரத்து, பிள்ளைகள் அப்பாவிடம். இதுவரை நாவலும் வாழ்க்கையும் ஒன்று. அப்புறம் எலிசபெத் நர்ஸ் வேலைக்குப் போனார், 1952 வரை இருந்தார். 98 வயது! நாவல் வந்தபோது அவருக்கு நாற்பது சொச்சம்தான். அந்த மீதி ஐம்பத்தாறு வருஷத்தை ஃபோன்டானேயால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஆனால் மேடம் பொவாரியில் எம்மாவைக் கொன்றது, அதை எழுதிய ஃப்ளாபேரின் ஒழுக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நாவலை ஒழுக்கக்கேடு என்று 1857இல் கோர்ட்டுக்கு இழுத்து, கடைசியில் விடுதலை செய்தார்கள். எம்மா காதலுக்காகச் சாகவில்லை, கடனுக்காகச் சாகிறாள். துணிக்கடைக்காரன் லரூ கேட்டதையெல்லாம் கடனுக்குக் கொடுத்துக் கொடுத்து, புரோநோட்டு மேல் புரோநோட்டாக எழுதி வாங்கி, புருஷனிடமிருந்து அவள் பேருக்கு பவர் பத்திரம் வாங்கும் யோசனையையும் அவனே சொல்லிக்கொடுத்து, கடைசியில் எட்டாயிரம் ஃபிராங்குக்கு வந்து நிற்கிறான். நம் ஊரில் இந்த ஆளைத் தெரியாதவர் யார்? பிரான்சில் 1816இலிருந்து 1884 வரை விவாகரத்தே கிடையாது. அவள் எந்த வாசல் வழியாக வெளியே போவாள்?

அன்னாவுக்கு வாசல் இருந்தது, பெயருக்கு. ரஷ்யாவில் விவாகரத்து திருச்சபையின் கையில். தப்பு செய்தது இன்னார் என்று நிரூபிக்க வேண்டும், அப்படி முடிவானவர் மறுபடி மணக்க முடியாது. காதலன் விரான்ஸ்கிக்குப் பிறந்த பெண்குழந்தை சட்டப்படி கணவர் கரேனினின் மகள். பழி என்னுடையது என்று கரேனின் ஏற்றுக்கொண்டால்தான் வழி. ஒரு தடவை அவர் தயாராக இருந்தபோது அவள் வேண்டாம் என்கிறாள், அவள் வேண்டும் என்றபோது அவர் முடியாது என்கிறார். அந்த பைபிள் வசனத்தை இதோடு சேர்த்துப் படியுங்கள். பழிவாங்குவது கடவுளின் வேலை என்றால் அவளை ஒதுக்கிவைத்த பீட்டர்ஸ்பர்க் சீமாட்டிகளின் வேலை இல்லை என்றும்தானே ஆகிறது? டால்ஸ்டாய் என்ன நினைத்துப் போட்டாரோ, நான் இப்படித்தான் படிக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் அன்னாவின் அண்ணி டாலியைக் காணோம். இருபத்தி மூன்று வயதில் படித்தபோது நானும் டாலி வருகிற பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன், எப்போதடா அன்னா வருவாள் என்று. அப்புறம் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டு மறுபடி எடுத்தபோது டாலியை விட்டு நகர முடியவில்லை. அவள் புருஷன் ஸ்டீவா, அன்னாவின் அண்ணன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளோடு தொடர்பு வைத்து மாட்டிக்கொள்வதில்தான் நாவலே தொடங்குகிறது. சமாதானம் செய்துவைக்க வருகிறவளே அன்னாதான்! தங்கை செய்ததை அண்ணன் அதற்கு முன்பே செய்தாகிவிட்டது. அவனுக்கு என்ன ஆகிறது? பெண்டாட்டி பேரிலிருந்த காட்டை விற்கிறான், விருந்து சாப்பிடுகிறான், கடைசியில் நல்ல சம்பளத்தில் வேலையும் கிடைக்கிறது. டால்ஸ்டாய் இதைப் பற்றி ஒரு வார்த்தை உபதேசம் செய்வதில்லை, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஆறாம் பாகத்தில் டாலி அன்னாவைப் பார்க்க வண்டியில் போகும் இடத்தை மட்டும் மறுபடி படியுங்கள். வழியில் ஒரு குடியானவப் பெண், எனக்கு ஒரு குழந்தை இருந்தது, கடவுள் விடுவித்துவிட்டார் என்று சாதாரணமாகச் சொல்கிறாள். டாலிக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. பிறகு தனியாக யோசிக்கும்போது, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதே என்று தோன்றுகிறது. பதினைந்து வருஷமாக மசக்கை, பிரசவம், பால்கொடுத்துப் புண்ணான மார்பு, குழந்தைச் சாவு. நாமும் ஒரு காதல் செய்திருக்கலாமோ என்றுகூட நினைத்து, தெரிந்தால் ஸ்டீவாவின் முகம் எப்படிப் போகும் என்று கற்பனை செய்து சிரித்துக்கொள்கிறாள். அங்கே போய்ச் சேர்ந்தால் ஒட்டுப்போட்ட இரவுச்சட்டையை வேலைக்காரி பார்த்துவிட்டாளே என்று கூச்சம். இனிக் குழந்தை வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டு வழி தெரிந்துகொண்டதாக அன்னா சொல்லும்போது, டால்ஸ்டாய் அந்த வாக்கியத்தை முடிக்காமல் ஒரு வரி முழுக்கப் புள்ளி வைக்கிறார். வழியெல்லாம் டாலி ஏங்கியது அதற்குத்தான். கேட்டதும் அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது.

(அன்னா புத்தகமாக வந்தது 1878இல், நம் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, அதில் கதாநாயகி ஞானாம்பாளை நாட்டை ஆளவே வைக்கிறார், ஆண் வேஷத்தில். அவள் சாகவில்லை. ஆனால் ஞானாம்பாளுக்கு முதுகு வலித்ததாக எங்கேயும் படித்த ஞாபகம் இல்லை.)

மறுநாளே டாலி கிளம்பிவிடுகிறாள். திரும்பும் வழியில் வண்டிக்காரன், பெரிய பணக்காரர்கள்தான், ஆனால் குதிரைக்கு மூன்று படி ஓட்ஸ்தான் போட்டார்கள் என்று குறைசொல்கிறான். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் எவ்வளவு நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறாள், அன்னாவைப் பற்றி ஒருவரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச விடவில்லை.