இயங்கிக்கொண்டிருக்கும் டெபியனை (லினக்ஸ் வகை இயங்குதளம்) நகலெடுத்து, அதே வட்டில் பூட் ஆகும் இரண்டாவது நிறுவலாக வைத்துக்கொள்ள முடியுமா? டிடி கட்டளை மட்டும் போதுமா?

முடியும், ஆனால் டிடி மட்டும் போதாது. டிடி ஒரு பார்ட்டிஷனில் (வட்டைப் பிரித்த ஒரு பகுதியில்) உள்ள ஒவ்வொரு பைட்டையும் இன்னொன்றில் அப்படியே எழுதிவிடும். கோப்பு முறைமையின் தனி அடையாள எண்ணான யூயூஐடியும் அந்த பைட்டுகளுக்குள் அடக்கம் என்பதால், வேலை முடிந்ததும் ஒரே வட்டில் ஒரே அடையாள எண் கொண்ட இரண்டு ரூட் பார்ட்டிஷன்கள் (அமைப்பு குடியிருக்கும் முதன்மைப் பகுதிகள்) இருக்கும். நீங்கள் டெபியன் 12-ஐக் கைவிடாமல் 13-க்குப் போய்ப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு காரணம் என்றாலும் வழிமுறை பெரிதாக மாறாது.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதக் காரணம் உண்டு. நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை ஸீலேட்டெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் அமைக்கிறோம். டெபியன் 12-இல் கிடைப்பது, அதை உள்ளடக்கிய டெக் லைவ் தொகுப்பின் 2022 பதிப்பு. 2025 ஆகஸ்டில் வெளியான 13-இல் கிடைப்பது டெக் லைவ் 2024. பதிப்பு மாறியதால் பழைய நூலொன்றின் மறுபதிப்பில் ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிட்டால், சொல்லடைவில் உள்ள பக்க எண்கள் அனைத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டியிருக்கும். ஆகவே பழைய அமைப்பு ஒரு தொகுப்புக்கூட மாறாமல் இருக்க வேண்டும், புதியதும் பக்கத்திலேயே வேண்டும் என்று கேட்டோம். கணினிப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவர் டிடி கொண்டு நகலெடுத்து, கணினி தொடங்கும்போது எந்த அமைப்பு வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் இரண்டு வரிகள் தெரியும்படி செய்து, வேலை முடிந்ததென்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது வரியைத் தேர்ந்து உள்ளே போய் மேசைத்திரையில் ஒரு கோப்பை உருவாக்கினால், முதல் வரியில் நுழையும்போதும் அந்தக் கோப்பு அங்கேயே இருந்தது. அவரிடம் சொன்னபோது, "நகல் என்றால் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்" என்றார். நகலெடுத்த பிறகு உருவாக்கிய கோப்பு மூலத்தில் எப்படி வரும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ரூட்டாக மவுண்ட் ஆகியிருப்பது (இணைக்கப்பட்டிருப்பது) எது என்று ஃபைண்ட்மவுண்ட் கட்டளையில் பார்த்தேன். எந்த வரியைத் தேர்ந்தாலும் மூலம் இருந்த அதே பழைய பார்ட்டிஷன்தான். டெவ் அடைவுக்குள், வட்டுகளை யூயூஐடி வாரியாகக் காட்டும் உள்ளடைவைத் திறந்தபோது விஷயம் தெளிவாயிற்று. இரண்டு ரூட் பார்ட்டிஷன்கள் இருக்கும் வட்டில், அவற்றுக்காக அங்கே இருந்தது ஒரே ஒரு சுட்டி. அந்தப் பெயரை, இந்தச் சுட்டிகளை உருவாக்கும் யூடெவ் ஒரு பார்ட்டிஷனுக்குத்தான் கொடுக்க முடியும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் போகும் கட்டளை வரியில் ரூட் எது என்பது யூயூஐடியாகவே எழுதப்பட்டிருப்பதால், மெனுவில் எந்த வரியைத் தொட்டாலும் அந்தச் சுட்டி காட்டும் இடமே திறக்கும். அடுத்த முறை பூட் செய்யும்போதும் அது அதே பார்ட்டிஷனைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இதைக் கவனிக்காமல் 'நகலை' 13-க்கு மேம்படுத்தியிருந்தால், நாங்கள் காப்பாற்ற நினைத்த 12-தான் மேம்பட்டிருக்கும்.

இதில் யாரையும் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. ஆனால் இரண்டு வரிகள் தெரிவதற்கும் இரண்டு அமைப்புகள் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிக்காமல் கட்டணச் சீட்டில் 'இரட்டை பூட் அமைப்பு' என்று எழுதுவது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

நான் பின்னர் செய்த முறை இது. நிறுவாமலே இயங்கும் டெபியன் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, இரண்டு பார்ட்டிஷன்களும் பயன்பாட்டில் இல்லாத நிலையில் வேலையைத் தொடங்குங்கள். லைவ் யூஎஸ்பியும் 12-ஆக இருப்பது நல்லது. புதிய பதிப்புகளில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை உருவாக்கும்போது இயல்பாகச் சேரும் சில அம்சங்களைப் பழைய கிரப் படிக்காமல் போகலாம். இரண்டாவது பார்ட்டிஷனைப் புதிதாக ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்தால் அதற்கென்று தனி யூயூஐடி கிடைத்துவிடும். பிறகு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு, உரிமைகள், ஏசிஎல் (அணுகல் பட்டியல்), நீட்டிப்புப் பண்புகள், ஹார்டு லிங்க்குகள் ஆகியவை கெடாதபடியும், பயனர் எண்களை எண்களாகவே வைத்திருக்கும்படியும் தெரிவுகள் கொடுத்து நகலெடுங்கள். இந்த முறையில் இலக்குப் பார்ட்டிஷன் மூலத்தைவிடச் சிறியதாக இருந்தாலும், கோப்புகளுக்கு இடம் போதுமானால் சரி. டிடிக்குக் குறைந்தபட்சம் அதே அளவு தேவை.

ஏற்கெனவே டிடி செய்துவிட்டீர்கள் என்றால் அழிக்க வேண்டியதில்லை. நகலின் மீது முதலில் ஈ2எஃப்எஸ்சிகே கொண்டு முழுச் சோதனை நடத்திவிட்டு, டியூன்2எஃப்எஸ் வழியாகப் புதிய யூயூஐடி கொடுக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமை, ஒரே யூயூஐடி கொண்ட இரண்டாவதை மவுண்ட் செய்யவே மறுத்துவிடும். அது ஒருவகையில் நல்லது. கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்றால் டிடி பக்கமே போகாதீர்கள். அது தன் உறுப்பு வட்டுகளை யூயூஐடியால் அடையாளம் காண்பதால், இரண்டும் ஒன்றாகத் தெரியும்போது தரவே சிதையலாம்.

அடுத்து, பழைய யூயூஐடி எழுதப்பட்டிருக்கும் இடங்கள். நகலின் எட்சி அடைவில் உள்ள, மவுண்ட் செய்யவேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் ரூட் வரியை மாற்ற வேண்டும். நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் பார்ட்டிஷனை இரண்டும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றை ஹைபர்நேட் செய்துவிட்டு மற்றொன்றைத் திறக்கும் பழக்கம் கூடவே கூடாது. ஹோம் அடைவைப் பகிர்ந்துகொள்ளச் சொல்பவர்கள் நிறைய. நான் அவர்கள் கட்சி அல்ல. புதிய ஃபயர்ஃபாக்ஸ் ஒருமுறை தொட்ட ப்ரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும், மேசைச் சூழலின் அமைப்புகளும் இப்படியே குழம்பும். வேலைக் கோப்புகளுக்கு மட்டும் தனிப் பார்ட்டிஷன் வைத்து, அதை இரண்டிலும் மவுண்ட் செய்கிறோம்.

பிறகு நகலை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் ஆகியவற்றை அதற்குள் பைண்ட் செய்து, நகலையே ரூட்டாகக் கொள்ளச் செய்யும் சிஹெச்ரூட் வழியாக உள்ளே போய், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப் கட்டமைப்புக் கோப்பையும் புதுப்பிக்க வேண்டும். எட்சியில் உள்ள ஹோஸ்ட்நேம், ஹோஸ்ட்ஸ் ஆகிய கோப்புகளில் கணினியின் பெயரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். டெர்மினலைத் திறந்தவுடன் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். வெளியிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் மெஷின் ஐடியையும் மாற்றியே ஆகவேண்டும் என்று சிலர் கண்டிப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை என்பதால் எனக்கு அது அவசியமாகப் படவில்லை; சாவி ஒன்றாகவே இருந்தால் வெளியிலிருந்து நுழையும்போது வரும் எச்சரிக்கைத் தொல்லையாவது மிச்சம்.

மிகவும் கவனிக்க வேண்டியது பூட் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. கணினி பூட்டுக்குரிய நிரல்களைத் தேடும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் டெபியனுக்கு 'டெபியன்' என்ற ஒரே அடைவுதான் உண்டு. அதற்குள் இருக்கும் சில வரிக் கிரப் கோப்பில், எந்த யூயூஐடியில் முழுக் கட்டமைப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டு நிறுவல்களும் கிரப்பை நிறுவினால் கடைசியாக நிறுவியது முந்தையதை மேலெழுதிவிடும். அடைவுக்கு வேறு பெயர் கொடுத்துத் தப்பிக்கலாம் என்றால், கையொப்பமுள்ள நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டுக்காகக் கையொப்பமிடப்பட்ட கிரப்பில் அந்தப் பாதை உள்ளேயே பதிக்கப்பட்டிருப்பதால் அது ஒழுங்காக வேலை செய்யாது. நான் உரிமையைப் பழைய 12-இடமே விட்டுவிட்டேன். நகலின் எஃப்எஸ்டேப்பில் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்யும் வரியைக் கருத்துக்குறி இட்டு முடக்கினேன். அந்த அடைவு கண்ணில் படாவிட்டால், டெபியனின் கிரப் தொகுப்பு மேம்படும்போது தானாகக் கிரப்பை நிறுவ முயலாது.

மெனுவில் நகலைச் சேர்க்க, வட்டில் உள்ள பிற அமைப்புகளைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரை நான் நம்புவதில்லை. கிரப் 2.06 முதல் அது இயல்பாக முடக்கப்பட்டே வருகிறது. அதை இயக்கினாலும், அன்றைய கெர்னல் பெயர்களைத்தான் மெனுவில் எழுதிவைக்கும், நகல் 6.1 கெர்னலிலிருந்து 6.12-க்குப் போனால், 12-க்குள் நுழைந்து மெனுவைப் புதுப்பிக்கும்வரை புதிய கெர்னல் அதில் தெரியாது. அதற்குப் பதிலாக, 12-இன் கிரப் அமைப்பில் 40_கஸ்டம் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தேன்: நகலின் யூயூஐடியைத் தேடு, அதன் சொந்தக் கிரப் கோப்பைக் கான்ஃபிக்ஃபைல் கட்டளையால் திற. இப்போது அந்த வரியைத் தேர்ந்தால் நகலின் சொந்த மெனுவே வருகிறது. அதில் எது மேம்பட்டாலும் பழையதைத் தொட வேண்டியதில்லை.

மெய்நிகர் கணினி போதாதா என்று கீழே யாராவது கேட்பார்கள். பலருக்குப் போதும், நாங்கள் அன்றாட வேலையையே புதியதில் செய்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரே வட்டில் இருப்பது பேக்கப் ஆகாது என்பதும் தெரியும். எங்கள் பேக்கப் வேறு வட்டில் இருக்கிறது.

மேம்படுத்தும் முன், நகலுக்குள் நுழைந்து ஃபைண்ட்மவுண்ட் கொண்டு ரூட் எந்தப் பார்ட்டிஷன் என்று பாருங்கள், கெர்னலின் கட்டளை வரியில் உள்ள யூயூஐடியையும் அதனுடன் ஒப்பிடுங்கள். ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டுப் பழையதில் போய்த் தேடுங்கள். அங்கே அது இல்லாவிட்டால் மட்டும் தொகுப்புகளை நிறுவும் ஏபிடியின் மூலப் பட்டியலில் புக்வார்ம் (12-இன் பெயர்) என்பதை ட்ரிக்ஸி (13-இன் பெயர்) என்று மாற்றுங்கள்.