பழைய மவுண்டில் ஆட்டோகைடர்: பற்றவைக்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் படம் எடுக்கிறேன். என்னுடையது இரண்டு அச்சிலும் மோட்டார் உள்ள பழைய ஈக்குவடோரியல் மவுண்ட் (ஓர் அச்சை வான துருவத்தை நோக்கி வைத்து, விண்மீனோடு சேர்ந்து சுழலும் தொலைநோக்கித் தாங்கி). கைப்பெட்டியில் நான்கு பொத்தான்களும் ஒரு வேகச் சுவிட்சும் உண்டு. ஆட்டோகைடருக்கென்று, அதாவது விண்மீனின் நகர்வைக் கேமராவால் பார்த்து மவுண்டைத் தானே திருத்தும் அமைப்புக்கென்று, சாக்கெட் இல்லை. புதிதாக வாங்கிய கைடு கேமராவில் திருத்தக் கட்டளைகளை வெளியே அனுப்பும் எஸ்.டி.-4 சாக்கெட் இருக்கிறது. அதன் கம்பிகளை நேராகப் பொத்தான்களில் பற்றவைத்துவிடலாமா?

பதில்: நேராக வேண்டாம். நடுவில் நான்கு சிறிய ரீட் ரிலேக்களை (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தொடுமுனைகள் சேரும் சுவிட்சுகள்) வையுங்கள். செலவு அதிகமில்லை, கேமராவின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

எஸ்.டி.-4 மோட்டாருக்கு மின்சாரம் எதையும் அனுப்புவதில்லை. ஒரு பொதுக் கம்பி, திசைக்கு ஒன்றாக நான்கு கம்பிகள், அவ்வளவுதான். விண்மீன் நகர்ந்தால், உரிய திசைக் கம்பியைச் சில நூறு மில்லிவினாடிகள் பொதுக் கம்பியோடு இணைத்துவிட்டு விடுகிறது. உங்கள் விரல் பொத்தானில் செய்யும் வேலைதான் இது. ஆட்டோகைடர் வருவதற்கு முன், குறுக்குக் கம்பியில் விண்மீனைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அப்படித்தான் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, நான்கு பொத்தான்களின் ஒரு பக்கக் கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, அந்தப் பொதுப் புள்ளி மின்கலத்தின் எதிர்முனையோடு சேர்கிறதா, நேர்முனையோடு சேர்கிறதா என்று அளவிடுங்கள். எதிர்முனையென்றால் நேரடி இணைப்பும் பெரும்பாலும் வேலை செய்யும். நேர்முனையென்றால் செய்யாது, கேமராவுக்கும் ஆபத்து. சில பெட்டிகளில் மோட்டாரின் மின்னோட்டமே பொத்தான் வழியாகப் போகும். அதைக் கேமராவுக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் தாங்காது. ரிலே இந்த எல்லா வகைக்கும் பொருந்தும். அதன் தொடுமுனைகளுக்குத் துருவ பேதம் இல்லை, இரு பக்கமும் மின்னியல் ரீதியாகத் தனித்தனி.

சென்னை ரிச்சி தெருவில் 5 வோல்ட், 500 ஓம் சுருள் கொண்ட ரீட் ரிலே கிடைக்கும். 10 மில்லிஆம்பியர்தான் இழுக்கும். சுருளின் ஒரு முனை 5 வோல்ட்டுக்கு, மறுமுனை எஸ்.டி.-4 திசைக் கம்பிக்கு, எஸ்.டி.-4 பொதுக் கம்பி அந்த 5 வோல்ட் சப்ளையின் எதிர்முனைக்கு. ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம் இருக்கும்படி. தொடுமுனைகள் பொத்தானின் இரு கால்களுக்கு. பழைய பொத்தான்களும் வழக்கம்போல் இயங்கும்.

கேபிளில் ஏமாறாதீர்கள். எஸ்.டி.-4 பிளக் தொலைபேசி பிளக் போலவே இருக்கும். ஆனால் வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் இரண்டோ நான்கோ இழைகள்தான், இதற்கு ஐந்து வேண்டும். எந்த இழை எந்த முனைக்குப் போகிறது என்பதையும் நிறத்தை நம்பாமல் மீட்டரில் பாருங்கள்.

(230 வோல்ட் ஏ.சி. மோட்டாரோடு வந்த இன்னும் பழைய டிரைவ் உள்ளவர்கள் இதைப் பார்த்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். அது வேறு கதை.)

வேகச் சுவிட்ச் 2 மடங்கில் இருக்கட்டும். விண்மீன் வினாடிக்கு 15 ஆர்க்வினாடி (ஒரு பாகையில் 3600 ஆர்க்வினாடி) நகர்கிறது. 2 மடங்கில், வழக்கமான ஓட்டம் ஒரு மடங்கு போக மீதி ஒரு மடங்குதான் திருத்தம், அதாவது 100 மில்லிவினாடிக்கு ஏறத்தாழ 1.5 ஆர்க்வினாடி. 8 மடங்கில் அதுவே ஏறத்தாழ 10.5 ஆகிவிடும், விண்மீன் இங்குமங்கும் துள்ளும்.

இவ்வளவும் செய்தபின் படம் கோடாக விழுந்தால் ரிலேயைத் திட்டுவதற்கு முன், மவுண்டின் அச்சு வான துருவத்தைச் சரியாகப் பார்க்கிறதா என்று சோதியுங்கள். நம் பக்கத்துப் பெரிய தலைவலி அதுதான். வேலூர்ப் பகுதியின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை. காவலூர் வானாய்வகத்துக்குத் தெற்கு வானம் நன்றாகக் கிடைப்பதற்குக் காரணமான இதே தாழ்ந்த அட்சரேகைதான், துருவ விண்மீனை அடிவானப் புழுதிக்குள்ளும் குன்றுகளுக்குப் பின்னும் தள்ளிவிடுகிறது. பல மவுண்டுகள் அவ்வளவு கீழே சாயவும் மாட்டா. எடைத்தண்டு (எதிரெடை மாட்டும் தண்டு) முக்காலியில் இடிக்கும். இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி வடக்கைப் பார்க்குமாறு முக்காலியைத் திருப்பி, தெற்குக் காலைச் சற்று நீட்டுங்கள்.

துருவ விண்மீன் தெரியாவிட்டால், கைடரை அணைத்துவிட்டு நகர்வைப் பாருங்கள். உச்சிக்கோட்டருகே (தலைக்கு மேலே வடக்குத் தெற்காகச் செல்லும் கோடு), வான நடுக்கோட்டில் ஒரு விண்மீனைப் பாருங்கள். தை, மாசி முன்னிரவில் ஓரியனின் இடுப்புப்பட்டை போதும். அது தெற்கே நழுவினால் மவுண்டின் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அதைச் சரிசெய்தபின் கிழக்கு வானில் தாழ்வாக ஒன்று: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. விண்மீன் ஐந்து நிமிடம் வடக்கிலோ தெற்கிலோ நழுவாமல் நின்றால் கைடரை இயக்குங்கள்.

கேமராவைச் செருகுமுன், சப்ளையின் எதிர்முனையிலிருந்து ஒரு கம்பித் துண்டால் நான்கு திசை உள்ளீடுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, கண்வில்லையில் விண்மீன் நகர்கிறதா என்று பாருங்கள். கிழக்கும் மேற்கும் மாறிக் கிடந்தால் கவலையில்லை, மென்பொருள் அளவுதிருத்தத்தில் தானே கண்டுகொள்ளும். ஒரு அச்சின் கம்பி மறு அச்சில் கலந்திருந்தால் மட்டும் மறுபடி பற்றவையுங்கள்.