எம்.எல்.ஏ. சம்பளம் யாரை அழைக்கிறது? வடசென்னை வாசகர்களுக்குப் பதில்கள்

அரசியல்வாதிகளுக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது நியாயம் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஒரே கருத்துள்ளவற்றைச் சேர்த்தும், நீளமானவற்றைச் சுருக்கியும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பொது நிர்வாகம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எது என் சொந்த அபிப்பிராயம் என்பது படிக்கும்போதே விளங்கும்.

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். எம்.எல்.ஏ.வுக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் என்கிறார்கள். மக்கள் சேவைக்கு இவ்வளவு தேவையா? (பழைய வண்ணாரப்பேட்டை)

அந்தத் தொகை முழுவதும் சம்பளம் அல்ல. 2017இல் தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினருக்கான மாதத் தொகை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் சம்பளம் என்ற பெயரில் வருவது 30,000 ரூபாய்தான். தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, ஈட்டுப் படி 10,000, தொலைபேசிப் படி 7,500, தொகுப்புப் படி 5,000, அஞ்சல் படி 2,500 என்று மற்றவை அனைத்தும் படிகள். கடைக்காரரான உங்களுக்கு வரவையும் செலவையும் தனித்தனியாக எழுதிப் பார்ப்பது பழக்கமான வேலை என்பதால் செலவுப் பக்கத்தையும் எழுதிப் பாருங்கள். தொகுதியில் எந்தத் தெருவில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு நடந்தாலும் பத்திரிகை வைப்போம். வந்தால் வெறுங்கையோடு வரக்கூடாது என்று எதிர்பார்ப்போம். சாவுக்கு மாலையோடு வரவேண்டும். கோயில் திருவிழா நோட்டீசில் நன்கொடையாளர் வரிசையில் முதல் பெயர் அவருடையதாக இருக்கவேண்டும். இந்த மொய்க் கணக்கைத் தொகுதிப் படியான 25,000 ரூபாய்க்குள் முடிக்க எவராலும் இயலாது என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்கிக்கொள்ளும் நமக்கும் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செய்யக்கூடிய தேர்தல் செலவின் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். சம்பளமான 30,000 ரூபாயை அறுபது மாதங்களுக்குப் பெருக்கினால் 18 லட்சம். படிகளில் ஒரு பைசாவும் செலவழிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் 63 லட்சத்தைத் தாண்டாது. சட்டம் அனுமதிக்கும் செலவையே ஐந்தாண்டுச் சம்பளம் ஈடுகட்டாது என்னும்போது, சட்டம் அனுமதிக்காத செலவைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்ததற்குக் காரணமே வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதுதான். எனவே, சம்பளம் அதிகம் என்ற உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. அந்தச் சம்பளத்தை ஒரு பொருட்டாக நினைக்கத் தேவையில்லாதவர்கள் மட்டுமே போட்டியிட முடிகிறது என்பதே என் கவலை.

சம்பளத்தைக் கூட்டினால் படித்தவர்கள், நல்லவர்கள் அரசியலுக்கு வருவார்களா? (காசிமேடு, இதே கேள்வி கொருக்குப்பேட்டையிலிருந்தும் வந்தது)

இதை ஊகத்தில் பேசவேண்டியதில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் மேயரின் சம்பளம் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 5,000 பேரைத் தாண்டினால் சம்பளம் சட்டென்று கூடும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழும் சற்று மேலும் உள்ள ஊர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், சம்பளம் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. கூடுதல் சம்பளமுள்ள ஊர்களில் அதிகம் படித்தவர்கள் போட்டியிட்டார்கள்; நிர்வாகமும் சிக்கனமாக நடந்தது. பிரேசிலிலும் நகராட்சி உறுப்பினர்களின் சம்பள உச்சவரம்பு மக்கள்தொகைப்படி மாறுவதை வைத்து இதே முறையில் ஆராய்ந்தார்கள். அங்கேயும் போட்டி கூடியது, வேட்பாளர்களின் கல்வித் தகுதி உயர்ந்தது, உறுப்பினர்கள் கொண்டுவந்த மசோதாக்களின் எண்ணிக்கையும் கூடியது.

இதோடு நிறுத்திக்கொண்டால் சம்பள உயர்வு கேட்பவர்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் கிடைத்த முடிவு வேறு. 2009 வரை அதன் உறுப்பினர்கள் அவரவர் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய சம்பளத்தையே பெற்றார்கள். அந்த ஆண்டு அனைவருக்கும் ஒரே சம்பளம் என்றாக்கியதும், சில நாட்டினருக்கு வருமானம் பல மடங்கு உயர்ந்தது. பதவியை விடாமல் மீண்டும் போட்டியிட விரும்பியவர்கள் கூடினார்கள். சபைக்கு வருகை கூடவில்லை. சிறந்த பல்கலைக்கழகங்களில் படித்த உறுப்பினர்களின் விகிதம் குறைந்தது.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். நான் புரிந்துகொண்டவரை, ஊர் மேயர் பதவிக்குக் கட்சித் தலைமையின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை, தகுதியுள்ள எவரும் வாசலுக்கு வந்து நிற்கலாம். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கோ கட்சி தயாரிக்கும் பட்டியலில் இடம் கிடைக்கவேண்டும். வாசலில் கட்சி நின்று ஆள் பொறுக்கும் இடத்தில் சம்பளத்தை உயர்த்தினால் சீட்டின் மதிப்புத்தான் உயர்கிறது. வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர் என்று படிப்படியாக ஏறி, விருப்ப மனுவுக்குப் பணம் கட்டி, நேர்காணலுக்குப் போய்க் காத்திருக்கும் நம் ஊர் முறை இவ்விரண்டில் எதைப் போன்றது என்பதைக் காசிமேட்டு வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம். ‘படித்தவர்’ என்பதையும் ‘நல்லவர்’ என்பதையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுகள் அளந்தது முதலாவதை மட்டுமே.

காமராஜரும் ஜீவாவும் சம்பளத்துக்காகவா வந்தார்கள்? சம்பளமே இல்லை என்று சட்டம் போட்டால் சேவை மனம் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள் அல்லவா? (பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

உங்கள் ஊரைவிட்டு வெளியே போகாமலே இதற்குப் பதில் சொல்லலாம். 1918இல் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களை வைத்துப் பெரம்பூர் வட்டாரத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த ஆலையில் தறி ஓட்டிய ஒருவர் சட்டசபைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டால் அன்றிரவு அடுப்பு எரியாது. சம்பளமில்லாத சட்டசபை என்றால் அதில் ஜமீன்தாரும், வியாபாரியும், பெரிய வக்கீலும்தான் உட்கார முடியும். இங்கிலாந்தில் 1838இல் தொழிலாளர்களுக்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் (சார்ட்டிஸ்டுகள்) முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம் என்பதும் ஒன்று. வாக்குரிமை கேட்டவர்கள் அதையும் சேர்த்துக் கேட்டதன் காரணம் இதுதான். அந்தக் கோரிக்கை நிறைவேற 1911 வரை ஆயிற்று. ஆண்டுக்கு 400 பவுண்டு கொடுத்தார்கள்.

எளிமையை வற்புறுத்திய காங்கிரசும்கூடச் சம்பளமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசு ஊழியர் எவருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 1931 கராச்சி மாநாட்டில் தீர்மானித்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவையினர் அந்த 500 ரூபாயைத்தான் பெற்றார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா 1952இல் வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தவர். கம்யூனிஸ்ட் கட்சிகளின் உறுப்பினர்கள் சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, கட்சி தருவதை வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அரசு சம்பளம் கொடுத்தால்தான் அந்த வழக்கமே நடக்கும்.

சம்பளத்தை மறுப்பது நேர்மைக்கு அடையாளம் என்பதையும் அவசரப்பட்டு ஏற்கவேண்டாம். 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா மாதம் ஒரு ரூபாய் மட்டுமே சம்பளம் பெற்றார். சொத்துக் குவிப்பு வழக்கு எழுந்தது அதே ஐந்தாண்டுக் காலத்தைப் பற்றித்தான். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் காலமாகிவிட்டதால் அவர்மீதான நடவடிக்கை அற்றுப்போயிற்று. மற்ற மூவரின் தண்டனை உறுதியானது.

சிங்கப்பூரில் என் மகன் இருக்கிறான். அங்கே அமைச்சர்களுக்குக் கோடிக்கணக்கில் கொடுப்பதால்தான் லஞ்சமில்லை என்கிறான். (தண்டையார்பேட்டை)

சிங்கப்பூர் அமைச்சர் சம்பளம் 2012இல் குறைக்கப்பட்ட பிறகும் பிரதமருக்கு ஆண்டுக்கு 22 லட்சம் சிங்கப்பூர் டாலர். அதிகம் சம்பாதிக்கும் 1,000 குடிமக்களின் வருமானத்தின் நடுமதிப்பை எடுத்து, பொதுச்சேவை என்பதற்காக அதில் 40 சதவீதம் கழித்து அமைச்சர் சம்பளத்தைக் கணக்கிடுகிறார்கள். இருந்தும் 2024 அக்டோபரில் முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன், பதவியில் இருந்தபோது பரிசுப் பொருள்கள் பெற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டு 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சம்பளம் ஆசையைத் தீர்த்துவிடும் என்று அந்த நாடே நம்பவில்லை. அதனால்தான் அமைச்சரையும் விசாரிக்கக்கூடிய புலனாய்வு அமைப்பை வைத்திருக்கிறது. உங்கள் மகனிடம் இரண்டாவது பாதியையும் சொல்லச் சொல்லுங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடி எம்.எல்.ஏ. கைக்குப் போகிறதா? (திருவொற்றியூர்)

போகாது. அவர் பணிகளைப் பரிந்துரைக்கலாம். ஒப்புதல், டெண்டர், பணப் பட்டுவாடா எல்லாம் அதிகாரிகள் வழியாகத்தான். அந்த வழியில் கமிஷன் பெயரில் என்ன கசிகிறது என்பது வேறு கேள்வி. அது சம்பளத்தைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ தீராது.

தங்கள் சம்பளத்தைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்ளும் பாக்கியம் வேறு யாருக்கு உண்டு? அதோடு ஓய்வூதியம் வேறு! (எண்ணூர், ஒப்பந்தத் தொழிலாளி)

கோபம் நியாயமானது. சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை அந்தச் சட்டமன்றமே சட்டமியற்றி நிர்ணயிக்கலாம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 195ஆம் பிரிவு. நாடாளுமன்றத்துக்கு 106ஆம் பிரிவு. நாடாளுமன்றம் 2018இல் ஒரு நல்ல திருத்தத்தைச் செய்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டைப் பின்பற்றிச் சம்பளம் தானாக மாறும் என்றாக்கியது. அதன்படி எம்.பி. சம்பளம் 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு 1,00,000 ரூபாயிலிருந்து 1,24,000 ரூபாய் ஆயிற்று. பிரிட்டனில் உறுப்பினர்களின் செலவுப்படி ஊழல் வெடித்த 2009இல் தனி ஆணையத்தையே அமைத்து, படியையும் பிறகு சம்பளத்தையும் தீர்மானிக்கும் பொறுப்பை அதனிடம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக்கும் அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. மேசையைத் தட்டி ஒரே நாளில் இரட்டிப்பாக்கிக்கொள்ளும் காட்சியும் இருக்காது, பத்தாண்டு உயர்த்தாமல் விட்டுவிட்டு வேறு வழியில் ஈடுகட்டும் பாசாங்கும் இருக்காது.

ஓய்வூதியத்தை அடியோடு எடுத்துவிடவேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அமைச்சராக இருந்த கக்கன் முதுமையில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்ததை எம்.ஜி.ஆர். பார்த்த சம்பவம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களை, ஊழியரும் பணம் கட்டும் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு அரசு மாற்றியபோது, சபை தனக்கும் ஒரு பங்களிப்பை வைத்துக்கொண்டிருக்கலாம்.

தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வார்டில் கவுன்சிலர் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். வேலையை விட்டால் குடும்பம் எப்படி நடக்கும்? (வியாசர்பாடி)

மொத்தக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். கவுன்சிலர்களுக்கு நெடுங்காலம் கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி மட்டுமே கிடைத்து வந்தது. 2023 ஜூலையிலிருந்துதான் மாநகராட்சி மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000 ரூபாய் என்று மாத மதிப்பூதியம் வந்தது. குடிநீர் லாரி வரவில்லை என்றாலும், கழிவுநீர் தெருவில் ஓடினாலும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும் மக்கள் முதலில் தட்டுவது கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான். அது முழுநேர வேலை. அதற்கு 10,000 ரூபாய் என்பது, வேறு வருமானம் உள்ளவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லாமல் சொல்வது. உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கும் மாநிலத்தில், அந்த இடத்துக்குக் கணவரின் வருமானத்தையோ கணவரின் கட்சிப் பதவியையோ நம்பித்தான் வரமுடியும் என்றால் ஒதுக்கீட்டின் பயன் பாதியாகிவிடுகிறது. பின்லாந்தில் 2000இல் நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளத்தை 35 சதவீதம் உயர்த்தியபோது, உயர்கல்வி பெற்ற பெண் வேட்பாளர்களின் விகிதம் கூடியது. ஆண்களிடம் மாற்றம் தெரியவில்லை. சம்பள உயர்வுக்கு ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சட்டமன்றம் இருக்கும் கோட்டையை விட்டுவிட்டு, மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகையைத்தான் காட்டுவேன்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். தனியார் பள்ளி வேலை கவுன்சிலர் பதவிக்குச் சட்டப்படி தடையல்ல. மாநகராட்சியோடு ஒப்பந்த வேலை எடுத்திருப்பது போன்றவைதான் தடை. எனவே வேலையை முன்கூட்டியே விடாதீர்கள். பள்ளி நிர்வாகத்திடம் பகுதிநேரத்துக்கு எழுத்தில் சம்மதம் கேளுங்கள். பிரசார நாட்களுக்கு ஊதியமில்லா விடுப்பும் கேளுங்கள். 2022 தேர்தலில் சென்னை கவுன்சிலர் வேட்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட செலவு 90,000 ரூபாய். அதற்குள் நிற்க முடியுமா என்று உங்களை நிற்கச் சொல்பவர்களிடமே கேளுங்கள், மீதியை யார் போடுவார்கள், பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்பதையும் சேர்த்து. அவர்கள் சொல்லும் பதில் தெளிவாக இல்லையென்றால் விருப்ப மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.